கறிவேப்பிலைக்கும் ரசீது

சிங்கப்பூரின் செம்பவாங்கில் ஒரு தொடக்கப்பள்ளி. அங்கே நான் அலுவலக உதவியாள். போட்டோகாப்பி எடுப்பேன், பெட்டி தூக்குவேன், மண்டபத்தில் நாற்காலி போடுவேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் படிப்பு பிரைமரி ஆறோடு சரி.

ஆசிரியர்கள் மானியம் கேட்டு எழுதும் தாளெல்லாம் என் கைவழியாகத்தான் போகும். இப்போது கணினியிலேயே அனுப்புகிறார்கள். ஆனாலும் ஒரு நகல் எடுத்து ஃபைலில் போடாவிட்டால் யாருக்கும் நிம்மதி இல்லை. இயந்திரம் ஓடும் நேரத்தில் நான் தாளைப் படிப்பேன். என் ஆங்கிலம் மெதுவானது. இயந்திரமும் பழசு. இரண்டுக்கும் ஒத்துப்போனது.

படித்துப் படித்து ஒன்றைத் தெரிந்துகொண்டேன். முதல் பக்கத்தை எல்லோரும் அழகாக எழுதுவார்கள். பிள்ளைகளுக்கு உலகம் விரியும் என்பார்கள். ஆனால் பணம் வருவதும் வராததும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. என்ன வாங்குவீர்கள், எப்போது, யாரிடம், ரசீது வருமா. அதை அவசரத்தில் கிறுக்கிவிட்டுப் போவார்கள்.

ஒரு மலாய் ஆசிரியை களிமண்ணை வாங்கி வைத்துவிட்டு அப்புறம் விண்ணப்பம் போட்டார். ஒப்புதலுக்கு முன் வாங்கியதற்குப் பணம் கிடையாது என்று பதில் வந்தது. அந்த விதியை நான் அதற்கு முந்தின வருஷமே வேறொரு தாளில் படித்திருந்தேன். சொல்லாமல் இருந்தது என் தப்பு. அதன்பின் சொல்ல ஆரம்பித்தேன். ஆசிரியர்கள் தாளோடு என் அறை வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். அலுவலக மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. உன் வேலையைப் பார் என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தமிழ் டீச்சர் வந்ததும் அப்படித்தான். என் வயதுதான் இருக்கும். அவர் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். தமிழ் அவர்களுக்குப் பரீட்சையில் மட்டும் வரும் பாஷை. அதனால் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போக நினைத்தார். ஆளுக்கு ஐந்து வெள்ளி. டாலரை நாங்கள் வெள்ளி என்போம். காய்கறி வாங்க வேண்டும், தமிழில் மட்டும் கேட்டு. மொத்தம் நான்கு வகுப்பு. முதலில் போகும் வகுப்புக்கு மட்டும் மானியம் முன்கூட்டியே வரும். அதன் கணக்கை ஒத்துக்கொண்டால்தான் மற்ற மூன்று வகுப்புக்கு மீதி வரும்.

நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

“டீச்சர், தேக்காவுல காய்காரர் ரசீது தருவாரா?”

“கேட்டா தரமாட்டாரா அண்ணே?”

“கேட்டா இன்னும் கொஞ்சம் கறிவேப்பிலை தருவாரு.”

அவர் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு செலவு. ஒன்றுக்கும் தாள் இருக்காது. அவர் முகத்தில் அது அப்போதுதான் விழுந்தது.

சனிக்கிழமை நான் தேக்காவுக்குப் போனேன். கையில் கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம். எனக்குப் பழக்கமான காய்கறிக் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் புத்தகத்தைப் பார்த்தார்.

“என்னண்ணே, டாக்ஸ் ஆபீஸ்ல சேந்துட்டீங்களா?”

“ஸ்கூல் பிள்ளைங்க வருதுங்க தம்பி. வாங்குறதுக்கெல்லாம் ரசீது வேணும்.”

“நாலு வெண்டைக்காய்க்கு ரசீதா? பின்னால நிக்கிற ஆன்ட்டி என்னைய அடிக்கும்.”

“எழுதித் தந்தா கையெழுத்து போடுவியா?”

“போடுவேன். எழுதுறது நான் இல்ல.”

திங்கட்கிழமை டீச்சரிடம் சொன்னேன். அவர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு சொன்னார்.

“பிள்ளைங்களே எழுதட்டும் அண்ணே. தமிழ்ல. அதுவும் பாடம்தானே.”

அது எனக்குத் தோன்றாதது. டீச்சர் டீச்சர்தான்.

பிள்ளைகள் சந்தைக்குப் போன அன்று பெட்டி தூக்க நானும் போனேன். ஒரு பையன் விரலை நீட்டி ஆங்கிலத்தில் கேட்டான். கடைக்காரர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

“திஸ் ஒன்னா? அப்படி ஒரு காய் நம்மகிட்ட இல்லையேப்பா.”

பையன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் கூரையைப் பார்த்தார். கடைசியில் அவன் வாய் திறந்தான்.

“வெண்டைக்காய் தாங்க.”

“பிஞ்சா வேணுமா?”

“பிஞ்சுன்னா என்ன?”

“உன்ன மாதிரி.”

பின்னால் வரிசை சிரித்தது. அவனும் சிரித்தான். எழுதும் அட்டையை முழங்காலில் வைத்து ரசீது எழுதினான். வாங்கியது எல்லாவற்றையும் எழுத வேண்டும், ஒன்றையும் விடக்கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைக்காரர் தேதி பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு தாள். எண்ணி உறைக்குள் வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, கணக்குப் பார்க்கும் அம்மா அந்த உறையை என் மேசையில் வைத்தார். அவரும் தமிழர்தான். நல்ல பெண், பயந்த சுபாவம்.

“அண்ணே, ரசீதெல்லாம் தமிழ்ல இருக்கு. மானியம் தர்ற ஆபீசர் படிக்க முடியாதுன்னு ஈமெயில் போட்டிருக்காங்க.”

“வெள்ளி நோட்டுல தமிழ் இருக்கு. அத வாங்கிக்கிறாங்களே?”

“வாய் மட்டும் நல்லா பேசுங்க. மேனேஜர் சொல்றாரு, எல்லாத்தையும் இங்கிலீஷ்ல புதுசா எழுதி கடைக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணுமாம். சிம்பிள் லா.”

“அப்படி எழுதினா அது பொய் ரசீது.”

“எல்லாம் அதே காய்தானே அண்ணே.”

“காய் அதேதான். அன்னைக்கு எழுதினது இதுதான். இன்னைக்கு இங்க உக்காந்து எழுதி அன்னைய தேதி போட்டா அது பொய். நான் போகமாட்டேன்.”

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கையெழுத்து வாங்கி வருவது உன் வேலைதான் என்றார், இப்போது மட்டும். மானியம் என் வேலை இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள் என்றேன். அவர் கதவைப் பார்த்தார். நான் வெளியே வந்தேன்.

டீச்சர் என் அறைக்கு வந்தார். கையில் பணப்பை.

“விடுங்க அண்ணே. நூத்திப் பத்து வெள்ளிதானே. நானே திருப்பிக் கட்டிடறேன்.”

“நீங்க கட்டினா கணக்குல ஒண்ணும் இருக்காது. மீதி மூணு வகுப்பு போகாது.”

“அதுக்கு என்ன பண்றது?”

“தெரியல. மொதல்ல படிக்கிறேன்.”

மானிய விதித்தாள் பதினாலு பக்கம். விரல் வைத்துப் படித்தேன். இரண்டு நாள் ஆனது. தெரியாத சொல்லை டீச்சரிடம் கேட்டேன். ரசீதில் தேதி வேண்டும், தொகை வேண்டும், விற்றவர் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. ஆங்கிலம் வேண்டும் என்று ஓர் இடத்திலும் இல்லை. மறுபடி முதலிலிருந்து படித்தேன். இல்லை.

ஆங்கிலம் வேண்டும் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என அதிகாரியைக் கேட்டு எழுதும்படி டீச்சரிடம் சொன்னேன். அந்த ஒரு வரி மட்டும். வணக்கமும் நன்றியும் அவர் சேர்த்துக்கொண்டார். பதில் வந்தது. விதி இல்லை, ஆனால் படிக்க ஆள் இல்லை, யாராவது நேரில் வந்து விளக்கினால் பார்க்கலாம் என்று.

டீச்சருக்கு வகுப்பு. அரைநாள் லீவு போட்டு நான் போனேன். கணக்கு அம்மா வாசல்வரை வந்தார்.

“ஒழுங்கா பேசுங்கண்ணே. சண்டை போடாதீங்க.”

“படிக்கத்தான் போறேன்.”

நகரத்தில் கண்ணாடிக் கட்டடம். குளிர். அதிகாரி ஒரு சீனப் பெண், என் மகள் வயது. நீங்கள் ஆசிரியரா என்று கேட்டார். இல்லை, போட்டோகாப்பி எடுப்பவன் என்றேன். அவர் பேனாவை வைத்தார். நான் முதல் ரசீதை எடுத்தேன்.

தமிழில் வாசித்தேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். தேதி, காய், தொகை, கையெழுத்து. அவர் பட்டியலில் குறி போட்டார். அடுத்தது. அந்த அறையில் என் குரல் பெரிதாகக் கேட்டது. குறைக்கவில்லை. சின்ன வயதில் பள்ளியில் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னபோதெல்லாம் நான் தலை குனிந்து நின்றவன். அன்று குனியவில்லை.

கொத்தவரங்காய்க்கு ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். படம் வரைந்து காட்டினேன். அவர் கைபேசியில் தேடி ஒரு படத்தை நீட்டினார். அதுதான் என்றேன். எழுதிக்கொண்டார்.

பதினேழாவது தாளில் இரண்டு வரி இருந்தது. வெண்டைக்காய், ஐந்து வெள்ளி. கீழே, கறிவேப்பிலை, பூஜ்யம். அந்தப் பையன்தான்.

பூஜ்யத்துக்கு ஏன் வரி என்று கேட்டார்.

“கடைக்காரர் சும்மா கொடுத்தார். வாங்கியது எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருந்தோம்.”

இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து பூஜ்யத்துக்கு ரசீது பார்த்ததில்லை என்றார். அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தார்.

“இதை ஆங்கிலத்தில் புதிதாக எழுதச் சொன்னார்கள். எழுதியிருந்தால் அந்த வரி இருந்திருக்காது” என்றேன்.

அவர் அந்த வரிக்கும் குறி போட்டார். மீதி ஐந்தையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடைசியில் ஒரு தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பெயருக்குக் கீழே பதவி எழுத ஓர் இடம் இருந்தது. அலுவலக உதவியாள் என்று எழுதினேன். தமிழில்தான். பிறகு அதை வாசித்தும் காட்டினேன்.

மீதி மானியம் அடுத்த மாதம் வந்தது. மூன்று வகுப்பும் தேக்காவுக்குப் போயின. கடைக்காரர் இப்போது கறிவேப்பிலை கொடுக்கும்போது, “எழுதிக்கடா, பூஜ்யம்” என்கிறார்.

மேலாளர் இன்னொரு தடவை என்னைக் கூப்பிட்டார். இனி ஆசிரியர்களின் மானியத்தில் தலையிடாதே என்றார். கேட்டுக்கொண்டேன். திரும்பி வந்தபோது என் அறை வாசலில் அந்த மலாய் ஆசிரியை நின்றிருந்தார். கையில் புதுத் தாள். களிமண் வாங்கிவிட்டீர்களா என்று மலாயில் கேட்டேன். இன்னும் இல்லை என்றார். உள்ளே வரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன். கதவைத் திறந்தே வைத்தேன்.

அந்த ஃபைல் என் அலமாரியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு நகலாவது பின்னால் வைத்துவிடுங்கள் என்று கணக்கு அம்மா இன்றும் சொல்கிறார். நான் வைக்கவில்லை. படிக்க வேண்டியவர் வரட்டும். வாசித்துக் காட்டுகிறேன்.