இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

அம்மனை நம்பியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். பெரிய கல்லூரியில் இடம் வேண்டும் என்று இப்போதே விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருக்கும் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. குமாரபாளையத்தில் எங்களுக்கு நான்கு விசைத்தறி. மெட்ராஸில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர வேண்டும் என்று எனக்கு வெறி. நாடு முழுக்கப் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதுவார்கள், சிலருக்குத்தான் இடம். எங்கள் ஊரில் அந்தப் பரீட்சை எழுதியவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. கணக்கு வாத்தியாரிடம் ஒரு கேள்வியைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு எட்டாது சாமி" என்றார். அதோடு யாரிடமும் எதையும் கேட்பதை விட்டேன்.

எங்கள் வீட்டில் பூக் கேட்காமல் எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். விண்ணப்பம் போடும் முன் என் படிப்புக்கும் அப்பா பூக் கேட்டார். பொட்டலம் மடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்.

நான் இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன்.

வெள்ளை வந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மீதிப் பொட்டலத்தை யாரும் பிரிக்கும் முன் நானே எடுத்துப்போய்க் காவிரியில் போட்டேன்.

அன்றோடு எனக்குத் துணை போயிற்று. சாமி கும்பிடப் போனால் அம்மன் முகத்தைப் பார்க்க முடியாது. கூடப் படித்தவர்களிடம் பேச்சு குறைந்தது. சங்ககிரி லாரியில் ஓட்டுநராக இருந்த சித்தப்பா மெட்ராஸிலிருந்து பழைய புத்தகங்கள் வாங்கிவந்து கொடுத்தார். அவற்றைத் தூக்கிக்கொண்டு படித்துறையில் போய் உட்காருவேன். ஆற்றில் துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள் என்று ஊரே இருக்கும். எனக்கென்று ஒருவரும் இல்லாத மாதிரி இருக்கும். புரியாத கணக்கைப் புரிந்ததாக நினைத்துத் தாண்டிப் போவேன். வீட்டில் கேட்டால், "நல்லாப் படிக்கறனுங்க" என்பேன். அம்மனையே ஏமாற்றியவனுக்கு அப்பா எம்மாத்திரம்?

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு பக்கம்கூட மண்டையில் ஏறவில்லை. ஒரு மத்தியானம் ஆள் இல்லாத கோயிலில் போய் அழுதேன். "இடம் கிடைக்காவிட்டாலும் சரி தாயே, இப்படித் தனியாக விட்டுவிடாதே." அவ்வளவுதான் கேட்டேன். ஒரு வருஷத்தில் நான் உண்மையாகக் கேட்டது அது ஒன்றுதான்.

கால் நேராகத் தறிக்கூடத்துக்குப் போனது. தறிச் சத்தத்தில் நான் சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை. தறியை நிறுத்தினார். மறுபடி சொன்னேன்.

"ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சனுங்கப்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். தறியில் அறுந்திருந்த ஓர் இழையை எடுத்து முடிச்சுப் போட்டார். பிறகு, "வெள்ளிக்கெழம மறுக்கா கேப்போம்" என்றார்.

"செவப்பு வந்துட்டா?"

"போவ வேண்டாம். அதுக்காவ நீ ஒத்தையாக் கெடந்து மருகாத. நான் இருக்கறனில்ல?"

வெள்ளிக்கிழமை அப்பாவே மடித்தார். அடுத்த வீட்டுப் பெண் குழந்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. சிவப்பு வந்தால் தறிக்கு வந்துவிடுவது என்று நான் மனதார முடிவு செய்திருந்தேன். பயம் இருந்தது. ஆனால் வெகுநாளைக்குப் பிறகு அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

குழந்தை எடுத்த பொட்டலத்தில் வெள்ளை.

மிச்சமிருந்த நாட்களில் வெட்கத்தை விட்டேன். அதே வாத்தியாரிடம் போய், "சேர்ந்து போட்டுப் பாக்கலாமுங்களா" என்றேன். தினமும் சாயங்காலம் உட்கார்ந்தார். அவருக்கும் பாதி தெரியவில்லை, இருவரும் சேர்ந்து தெரிந்துகொண்டோம். பரீட்சைக்குக் கோயமுத்தூர் வரை அப்பா கூட வந்தார். முடித்து வெளியே வந்தால், விட்ட இடத்திலேயே வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருக்கிறார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. "பசிக்குதா சாமி?" என்றார். நான் கோயிலில் கேட்ட துணை இதுதான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

இடமும் கிடைத்தது. தேறியவர்கள் வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில்தான், ஆனால் கிடைத்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அன்று கற்றதை வைத்துத்தான் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன்.

பிள்ளைகளே, சீக்கிரமே ஆரம்பியுங்கள். நன்றாகத் தூங்குங்கள். புரியாததை ஒளிக்காதீர்கள், படிப்பு ஏறாத நாளை வீட்டில் சொல்லுங்கள். அந்த ஒரு கல்லூரிக்கு வெளியே உயிரே இல்லை என்று நினைத்ததால்தான் நான் ஏமாற்றினேன். நீங்கள் நம்புகிற தெய்வத்தின் முன்னால் வெள்ளையோடு சிவப்பையும் வையுங்கள். எது வந்தாலும் அவள் கூட இருப்பாள்.