ஹூஸ்டன் கசெட்டும் மாமாவின் குரலும்

"ஹூஸ்டன். மெதுவானது. கசெட் 4. கிடைத்தது: பெப்ரவரி 2005." ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்றின் பதினேழாம் பக்கத்தில், பச்சைப் பேனையில், என் பதினொரு வயதுக் கையெழுத்தில் இந்தக் குறிப்பு இருக்கிறது. அதற்குக் கீழே, வேறு பேனையில், "அப்பா டெக்கைத் திருத்தினார்" என்று ஒரு வரி. வீட்டுக் கசெட் டெக்கின் அந்தத் திருத்தத்தில் என் பங்கு என்ன என்பதை அன்று நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கசெட் பெரியப்பாவின் மகனுடையது. அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அப்போது அவருக்கு இருபது வயது. பெரியப்பா வீடு மொன்றியலின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில். அங்கே பஸ்ஸுக்கு நின்றே ஆயுள் போகிறது என்று சொல்லிவிட்டு, வில்லரேயில் எங்கள் மேல்வீட்டின் முன்னறைக்கு வந்து சேர்ந்தார். ஆறு மாதத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். ஆனால் திரும்பிப் போகவில்லை. ஒரு இடத்தில் பத்து நிமிடம் இருக்கத் தெரியாதவர். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபடியே சாப்பிடுவார்.

அவர் கேட்டது அமெரிக்காவின் தென்பகுதி ராப் மட்டும். நியூயோர்க்காரரை "பழைய ஆக்கள்" என்று ஒதுக்கிவிட்டார். பெரும்பாலானவை சிநேகிதர்களிடம் வாங்கிய சீடிகள். ஹூஸ்டன் மட்டும் கசெட்டில் வந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த மச்சான் ஒருவர் தபாலில் அனுப்புவார். காரில் கசெட் மட்டுமே போடலாம் என்பதால் அது வசதியாகவும் இருந்தது.

வந்த எல்லாவற்றையும் கொப்பியில் பதிவது என் வேலை. யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஊர், மாதம், எப்படி இருக்கிறது என்று மூன்று நிரல்கள் போட்டிருந்தேன். நியூ ஓர்லீன்ஸ்: "ஒருவர் கேட்கிறார், கூட்டம் பதில் சொல்கிறது." மயாமி: "அலுமாரிக் கண்ணாடி அதிரும்." மெம்பிஸ்: "பேய்ப்படம் மாதிரி, பின்னால் இரைச்சல்." அட்லாண்டா: "எல்லோரும் ஒன்றாகக் கத்துகிறார்கள்." ஹூஸ்டன்: "எல்லாரும் களைத்துப் போயிருக்கிறார்கள்."

கடைசிக் குறிப்பை அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை.

"களைப்பில்லை, பதிவாளரம்மா. பாடி முடிஞ்சாப் பிறகு வேணுமெண்டு மெதுவாக்கிறவங்கள். அங்கை வெக்கை. ஆறுதலாக் கார் ஓடிக்கொண்டு கேக்கிற பாட்டு."

"அப்ப நீங்கள் ஏன் சுறுக்கா ஓடுறியள்?"

"இஞ்சை குளிர்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "சித்தப்பாவுக்கு இதைச் சொல்லிப்போடாதை" என்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. என் அப்பா யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். மொன்றியலுக்கு வந்து புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினாலும், மனதில் அந்தக் கடையை அவர் மூடவில்லை. இரைச்சலையும் கெட்ட வார்த்தைகளையும் கூடப் பொறுப்பார், அவருக்கு அந்த ஆங்கிலம் பாதி விளங்காது. ஒலியை வேண்டுமென்று கெடுப்பவரைப் பொறுக்க மாட்டார். உண்மை தெரிந்தால் கசெட்டுகள் குப்பைக்குப் போகும். என் பதினேழு பக்கங்களும் வீண்.

அந்த மாதக் கடைசியில் அண்ணை வேலை தேடி ரொறன்ரோவுக்குப் போனார். இரண்டு கிழமை. நாலாம் கசெட் வீட்டு டெக்கிலேயே கிடந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் நான் அதைப் போட்டேன். அப்பா பத்திரிகையை மடித்துவிட்டு எழுந்து வந்தார்.

"இதென்ன பிள்ளை, கிணத்துக்கை நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு?"

அப்பா குனிந்து டெக்கில் காதை வைத்தார்.

"மோட்டர் இளைச்சுப் போச்சு. எல்லாக் கசெட்டும் இப்பிடித்தானோ?"

அண்ணையின் நாலு கசெட்டும் என் கண்முன் வந்தன. "ஓம் அப்பா, எல்லாம் இப்பிடித்தான்" என்றேன். பொய் இல்லை. இன்றுவரை அந்த வசனத்தில் ஒரு பொய்ச் சொல்லை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்பா டெக்கைக் கழற்றினார். மோட்டரின் பின்பக்கத்தில் ஒரு சிறு துளை, அதற்குள் ஒரு சின்னத் திருகாணி. கசெட்டை ஓடவிட்டு, காதைச் சரித்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாகத் திருகினார். ஹூஸ்டன்காரர் கிணற்றிலிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தார்.

"இப்பதான் மனிசன் மாதிரிக் கதைக்கிறான்" என்று சொல்லி அப்பா கைகளைத் துடைத்தார். கனடாவில் அவர் ஒரு கருவியைத் திருத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லாததால் யாருக்கும் நட்டமில்லை என்றும் நினைத்தேன். வீட்டில் மற்ற எல்லாம் சீடிக்கு மாறிவிட்டன. கசெட் போடுகிறவர் அண்ணை ஒருவரே.

மூன்றாம் நாள் இன்னொரு கசெட் வந்தது.

இலங்கையில் போர் நின்றிருந்த சமாதான காலம் அது. யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. ஊருக்குப் போய்வந்தவர்கள் கடிதங்களோடு குரல்களையும் கொண்டுவருவார்கள். சொந்தக்காரர் ஒரு கசெட்டின் இரண்டு பக்கமும் பேசிப் பதிந்து கொடுத்துவிடுவார்கள். அடுத்த தெருவில் இருந்த அன்ரி ஒருவர் கொண்டுவந்து தந்த கசெட்டில் பேசியிருந்தவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. 1995இல் நாங்கள் வெளிக்கிட்டபோது அவருக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு அம்மா அவருடைய குரலைக் கேட்கவில்லை. கசெட்டோடு ஒரு கடிதத் துண்டு இருந்தது. அடுத்த கிழமைச் சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் கிளிநொச்சியில் ஒரு தொலைபேசி நிலையத்தில் நிற்பதாகவும், நம்பர் இதுவென்றும் எழுதியிருந்தார். இங்கே அது காலை ஏழு மணி.

அம்மா டெக்கின் முன் நிலத்தில் இருந்தார். "அக்கா, நான் கதைக்கிறன்" என்று ஒரு குரல் வந்தது. மெல்லியது, அவசரமானது, பள்ளிக்கூடப் பையனுடையது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "இஞ்சருங்கோ, கேட்டியளே! அவன்ர குரல் அப்பிடியே கிடக்கு. ஒரு சொட்டும் மாறேல்லை!"

"டெக் நல்லா வேலை செய்யுது" என்றார் அப்பா, அடக்கமாக.

அந்தப் பள்ளிக்கூடக் குரல், தான் கலியாணம் கட்டியதையும் மனைவிக்கு இப்போது ஆறு மாதம் என்பதையும் சொன்னது. "பொடிப்பயல் கதைக்கிற கதையைப் பாருங்கோவன்" என்று அம்மா கண்ணீரோடு சிரித்தார். அன்று நாலு தடவை கேட்டார். அடுத்த நாள் கறிக்கு வெங்காயம் வெட்டும்போதும் கேட்டார்.

எனக்கு மட்டும் விளங்கியது: வேகம் கூடிய டெக் அவருடைய குரலைச் சிறுவனுடையதாக்கியிருந்தது. மாமாவுக்கு இருபத்தைந்து. சனிக்கிழமை போனில் ஒரு பெரிய மனிதரின் குரல் வரும். இது என் தம்பி இல்லை, ஆரோ ஏமாற்றுகிறார்கள் என்று அம்மா போனை வைத்துவிடுவார். மாமா காத்திருந்துவிட்டுப் போய்விடுவார். பிறகு அவரை எங்கே தேடுவது?

அதன்பின் நானும் அண்ணையைப் போல நடந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். வகுப்பில் ஆசிரியை பிரெஞ்சில் ஏதோ கேட்க, ஏழு மணி என்று பதில் சொன்னேன். ஒரு பின்னேரம் அப்பாவின் திருப்புளியை எடுத்து மோட்டரின் துளைவரை கொண்டுபோனேன். எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரியவில்லை. நான் எல்லாவற்றுக்கும் மாதம் எழுதி வைத்தவள். அப்பா எத்தனை சுற்றுத் திருகினார் என்பதை மட்டும் எழுதவில்லை. திருப்புளியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணை வந்தார். வேலை கிடைக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று, உள்ளே ஓடிக்கொண்டிருந்த மாமாவின் கசெட்டுக்குக் காது கொடுத்தார்.

"ஆர் சித்தி இந்தப் பெடியன்?"

"டேய், அது என்ர தம்பி."

"அவருக்கு இருபத்தஞ்சு எண்டெல்லோ சொன்னனீங்கள்? டெக் எல்லோ துரத்திக்கொண்டு ஓடுது. ஆர் கை வைச்சது?"

"நான்தான் திருத்தினனான்" என்றார் அப்பா. "எல்லாக் கசெட்டும் இழுக்குதெண்டு இவள்தான் சொன்னவள்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எல்லாம் இழுக்கிறதுதான்" என்றேன். "அதுகளை அப்பிடித்தான் செய்யிறவங்கள்."

"செய்யிறவங்களோ? வேணுமெண்டோ? எந்த விசரன் செய்வான்?"

"ஹூஸ்டனிலை, சித்தப்பா" என்றார் அண்ணை. "அங்கை நல்ல மரியாதை."

அம்மா இந்த விவாதத்தில் சேரவில்லை. கசெட்டை வெளியே எடுத்து, அப்பாவின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, "காரிலை போட்டுக் காட்டு" என்றார். வெளிப்படிகளில் பனி இறுகியிருந்தது. கைபிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்கினோம். அண்ணை எஞ்சினை ஓடவிட்டார். நான் பின்சீற்றில்.

"அக்கா, நான் கதைக்கிறன்."

தடித்த, ஆறுதலான குரல். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி. வீட்டில் நாங்கள் விக்கல் என்று நினைத்தது இருமல். மனைவிக்கு ஆறு மாதம் என்ற இடம் வந்தபோது அம்மா சிரிக்கவில்லை. பனி படிந்த முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டு, தம்பி. நாளைக்குப் போனிலை கேப்பன்தானே" என்றார் அண்ணையிடம்.

சனி காலை ஆறே முக்காலிலிருந்து அப்பா தொலைபேசி அட்டை நம்பரையும் கிளிநொச்சி நம்பரையும் மாறிமாறி அழுத்தினார். ஏழும் தாண்டி ஆறு நிமிடம் கழித்துத்தான் லைன் கிடைத்தது. அம்மா போனை வாங்கினார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த தடித்த குரல் எனக்கும் கேட்டது.

"ஆர் கதைக்கிறீங்கள்?" என்றார் அம்மா. பிறகு, "ஓம், சொல்லுங்கோ." வைத்துவிடப் போகிறார் என்று நினைத்து நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அம்மா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா ஏதோ சொன்னார். அம்மாவின் தோள் இறங்கியது.

"எடேய்," என்றார். "இருமலுக்கு மருந்து எடுத்தனியோ?"

அன்று கொப்பியில் "தொலைபேசி: சரி" என்று எழுதி இரட்டைக் கோடு போட்டேன்.

அப்பா திருகாணியைப் பழையபடி வைக்கப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். "விடுங்கோ. அப்பிடியே கிடக்கட்டும்." அண்ணைக்கு அதனால் இடைஞ்சலில்லை. அந்தக் கோடையில் ஹூஸ்டன் பாட்டுகள் மொன்றியல் வானொலியிலேயே வந்தன. எல்லோரும் கேட்கிறார்கள் என்றதும் அவருக்கு அலுத்துவிட்டது. அடுத்த வருடம் அட்லாண்டாக்காரர் கத்துவதை விட்டு விரலைச் சொடுக்கத் தொடங்கினார்கள். பாட்டில் பாதி இடம் வெறுமையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அதே ஊரிலிருந்து, தையல் மெசின் போலச் சின்ன ஒலிகள் ஓடும் இருண்ட பாட்டுகள் வந்தன. ட்ராப் என்றார்கள். ஹூஸ்டன் குறிப்பின் கீழ் "முடிந்தது, 2006" என்று எழுதி மூடினேன். அது பிழை. அந்த மெதுவும் மெம்பிஸின் இரைச்சலும் பின்னாளில் எந்த ஊர் என்றில்லாமல் எல்லாப் பாட்டுக்குள்ளும் புகுந்துவிட்டன. இப்போது ஒரு பாட்டைக் கேட்டு ஊரைச் சொல்ல என்னால் முடிவதில்லை.

மாமாவின் குரல் பிறகும் பல தடவை போனில் வந்தது. ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அந்தக் கசெட்டை அதே டெக்கில், அதே வேகத்தில் போட்டுக் கேட்பார். அது உண்மையான குரல் இல்லை என்று நான் மூன்று தடவை விளக்கினேன். ஒருமுறை மோட்டரைப் படமாகக் கீறியும் காட்டினேன். "ஓம் பிள்ளை, விளங்குது" என்றார் அம்மா. அம்மாவுக்கு மெசின் விசயம் விளங்காது என்று முடிவு செய்தேன். விளங்காதவள் நான் என்பது தெரியப் பல வருடங்கள் ஆயின.

அண்மையில் அப்பா ஒன்று சொன்னார். அவர் டெக்கைத் திருகிக்கொண்டிருந்தபோது அம்மா குசினி வாசலில் நின்று, "கூடத் திருகிப்போட்டியள், சுறுக்கா ஓடுது" என்றாராம். அது உண்மையானால், காரில் ஏறும்வரை ஏமாந்திருந்தவர் அம்மா அல்ல. ஆனால் அப்பாவுக்கு இப்போது நினைவில் நாட்கள் மாறிப்போகின்றன. அந்த ஞாயிறு அம்மா எங்கே நின்றார் என்று என் கொப்பியில் இல்லை. அம்மாவிடம் நான் கேட்கவில்லை. ஆகவே இதை உறுதிப்படுத்தப்படாதது என்றே பதிகிறேன்.