அப்பாவின் படத்துக்கு விழுந்த மாலை

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கைப்பேசி விளையாட்டுகள் செய்கிறோம். அதில் என் பொறுப்பு, விளம்பரத்தை மூடுவதற்கான சின்னப் பெருக்கல் குறி. அதை எந்த மூலையில் ஒளித்து வைத்தால் ஆட்கள் தவறுதலாக விளம்பரத்தையே அமுக்குவார்கள் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் கணினிப் பட்டம் வாங்கியபோது அப்பா கிள்ளானில் எங்கள் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். அந்த லட்டெல்லாம் இந்தப் பெருக்கல் குறிக்காகத்தான் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அதனால், பிரிக்பீல்ட்ஸில் கேம் ஜாம் நடக்கிறது, சேரலாமா என்று கூட வேலை பார்க்கும் தோழி கேட்டதும் யோசிக்காமல் சரி என்றேன். அவள் சுங்கை பூலோக்காரி, நன்றாக வரைவாள். கேம் ஜாம் என்றால் வேறொன்றுமில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள். ஞாயிறு காலைக்குள் முழு விளையாட்டையும் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். குளிக்காமல் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே தனி மரியாதை.

இந்த முறை தலைப்பு, ஞாபகம். கூடவே பயமும் இருக்க வேண்டுமாம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அறையில், அரை மணி நேரத்துக்குள் எல்லா மேசையிலும் மலாய்க் கதைகளில் வரும் பொந்தியானாக் பேய் தயாராகிவிட்டாள். வெள்ளை உடை, நீளக் கூந்தல், வாழை மரம். ஒரே அறையில் இத்தனை பேய் இருந்தால் அவள்தான் நம்மைப் பார்த்துப் பயப்பட வேண்டும். கழுத்தில் வழிகாட்டி என்று எழுதிய அட்டை மாட்டிய ஒருவர் எங்களிடம் வந்து, "லோக்கலா செய்யுங்க, ஆனா எல்லா நாட்டுக்காரனுக்கும் புரியணும்" என்றார். பக்கத்து மேசையிலும் அதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

எங்களுக்கு வெளியே போய்ப் பேய் தேட வேண்டியிருக்கவில்லை. எந்தத் தமிழர் வீட்டு ஹாலிலும் சுவரில் படங்கள் இருக்கும். இருப்பவர்கள் படம் சும்மா தொங்கும். போனவர்கள் படத்துக்கு மாலை, பொட்டு, இரவெல்லாம் எரியும் சிவப்பு பல்பு. அதையே விளையாட்டாக்கினோம். திரையில் ஒரு ஹால். விளக்கு அணைந்து அணைந்து எரியும். ஒவ்வொரு முறை அணையும்போதும் படங்கள் இடம் மாறும், புதிதாக ஒருவருக்கு மாலை விழும். யாருக்கு முன்பே மாலை இருந்தது, யாருக்கு இப்போது விழுந்தது என்று ஞாபகமாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அடுத்த மாலை விளையாடுகிறவருக்கு.

முகங்கள் வேண்டுமே. என்னிடம் இருந்த, தாத்தா பாட்டி காலத்துப் பழைய குடும்பப் படங்களைத் தோழிக்கு அனுப்பினேன். அவள் கையைத் தூக்கிவிட்டாள்.

"செத்தவங்கள வச்சு விளையாடக் கூடாதுலா. கனவுல வந்து கேப்பாங்க."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அதனால் உயிரோடு இருக்கிறவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து மாலை போட்டோம். பட்டம் வாங்கிய இரண்டு தமிழ்ப் பெண்கள், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, இதைவிடப் பெரிய அமங்கலம் நம் வீடுகளில் கிடையாது என்பது ஒரு நொடிகூட உறைக்காமல், பேய்க்குப் பயந்து செய்த ஏற்பாடு இது. அப்பாவின் படம்தான் எல்லாவற்றிலும் சிறப்பாக அமைந்தது. கடப்பிதழுக்காக, அதாவது பாஸ்போர்ட்டுக்காக, எடுத்தது. சிரிக்கக் கூடாது என்று அங்கே சொல்லியிருந்தார்கள், அப்பா அதற்கு மேலேயே கடைப்பிடித்திருந்தார். தோழி அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, சாமந்தி மாலை போட்டு, கீழே ஒரு குத்துவிளக்கையும் வைத்தபோது, நானே "ஐயோ, தத்ரூபம்" என்று பாராட்டினேன்.

இந்த இடத்தில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு ஒரே அண்ணன், காப்பாரில் இருக்கிறார். என் அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் தாய்மாமன் பெயருக்குக் கீழே போய்விட்டது. அச்சுக் கடைக்காரன் இடம் போதவில்லை என்று மாற்றிப் போட்டானாம். பெரியப்பா கல்யாணத்தன்று மண்டபத்து வாசல்வரை வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "இனிமே உன் சாவுக்குத்தான்டா உன் வாசல மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பா பலமுறை காப்பாருக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். தீபாவளிக்கு அனுப்பும் முறுக்கு டின் மூடி திறக்காமல் திரும்பி வரும். அப்பாவுக்கு இனி வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் ஒருதரம் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஏக்கம். யாரும் வாய்விட்டுப் பேச மாட்டோம்.

ஞாயிறு காலை விளையாட்டை ஏற்றி முடித்ததும், தோழி அதிலிருந்து ஒரு காட்சியைத் தன் முகநூல் பக்கத்தில் என் பெயரையும் இணைத்துப் போட்டாள். அப்பா, மாலை, குத்துவிளக்கு. மேலே "எங்கள் விளையாட்டு வந்துவிட்டது" என்று எழுதியிருந்தாள். என் அத்தை, அப்பாவின் தங்கை, எழுத்தைப் படிப்பவர் அல்ல. தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தைக் குடும்ப வாட்சப் குழுவில் போடுபவர். அன்று ரோஜாவுக்குப் பதில் அண்ணன் படத்தைப் போட்டார். அடுத்த நிமிடத்திலிருந்து கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக விழத் தொடங்கின. பதறிப்போய் வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாவே எடுத்தார்.

"ஏம்மா, நான் செத்துட்டேனாமே, உனக்குத் தகவல் வந்துச்சா?"

ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போய்ச் சேர்வதற்குள், மரண சகாயச் சங்கத்தின் லோரி எங்கள் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிவிட்டிருந்தது. சந்தா கட்டியவர் சாகவில்லை என்றால் நாற்காலியைத் திருப்பி ஏற்ற அவர்களிடம் வழிமுறை எதுவும் இல்லையாம். அத்தை வாசலில் இருந்தே அழுதுகொண்டு வந்தவர், அப்பா கதவைத் திறந்ததும் நிறுத்த முடியாமல், தொடங்கிய அழுகையை அவர் தோளிலேயே அழுது முடித்தார். மேருவிலிருந்து வந்த ஒரு மாமா, "நல்லா இருக்கீங்களா? சந்தோஷம்" என்று சொன்னார். அவர் முகத்தில் சந்தோஷம் குறைவாகத்தான் இருந்தது. பெட்ரோல் போட்டு வந்தவர். எல்லோரும் டீ குடித்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்ற பழக்கத்தில், சொல்லாமலே எழுந்து போனார்கள்.

அம்மாவுக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"என் புருஷன் இருக்கும்போதே அவருக்கு மாலை போட்டுட்ட. இதுக்காடி உன்னைப் படிக்க வச்சேன்? முதல்ல குரூப்ல எழுது, அவரு உசுரோட இருக்காருன்னு."

நான் கைப்பேசியை எடுத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறும்மா."

"எதுக்குப்பா?"

"அண்ணன் அந்தக் குரூப்ல இல்ல. காப்பாருக்கு வாய்மொழியாத்தான் போய்ச் சேரணும்."

உள்ளே போய், தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். சங்கத்து நாற்காலி ஒன்றை வாசலைப் பார்த்தபடி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். செத்துப்போனதாகப் பேர் எடுத்தாலாவது அண்ணன் வருவார் என்று காத்திருக்கும் மனிதரிடம் என்ன சொல்வது? யாருக்கும் எதுவும் எழுதாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பெரியப்பாவின் மோட்டார் வந்து நின்றது. ஆள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். எங்கள் தெருவில் சுள்ளென்று வெயில். கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ரோஜா மாலை. ஹெல்மெட்டைக் கழற்றி, செருப்பையும் கழற்றி, பையோடு கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்த பிறகுதான் நாற்காலியில் இருக்கும் ஆளைப் பார்த்தார். அப்பா எழுந்தார்.

"இருக்கியா?" என்றார் பெரியப்பா.

"இருக்கேண்ணே. உள்ள வாங்க. சாப்பிட்டுப் போலாம்."

பெரியப்பா பையின் வாயை இறுக்கி முறுக்கினார். கோபமா வேறெதுவுமா, எனக்குத் தெரியவில்லை. நான் முன்னால் போய், அது விளையாட்டுக்குப் போட்ட படம், தப்பு என் மேல்தான் என்று உளறினேன். அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

"உன் சாவுக்கு வருவேன்னு சொன்னேன். வந்துட்டேன். ஒரு தடவதான் சொன்னேன். இனிமே நிசமாவே ஆனாலும் யாரும் எனக்குச் சொல்லி அனுப்ப வேணாம்."

மாலைப் பையைக் கேட்டில் மாட்டினார். சாவுக்கு வாங்கின மாலையைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாதல்லவா. செருப்பைப் போட்டுக்கொண்டார். "அண்ணே" என்று அப்பா கூப்பிட்டார். மோட்டார் திரும்பிவிட்டது.

அப்பாவுக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு வருகைதான். அதை நான் ஒரு விளையாட்டுக்காகச் செலவழித்துவிட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அந்த நேரம் பார்த்துத் தோழி போன் செய்தாள். இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோமாம், எங்கள் பயம் நிஜமாக இருக்கிறது என்று நடுவர்கள் சொன்னார்களாம். விளையாட்டிலிருந்து அப்பா படத்தை எடுத்துவிடு என்றேன். ஓட்டு முடியும்வரை யாராலும் தொட முடியாது, பூட்டிவிட்டார்கள் என்றாள்.

நான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் நான் சொல்வதைக் கேட்கிற நிலையில் இல்லை. பெரியப்பா நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை இன்னும் ஈரமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பார் ரோட்டுல நல்ல மழை போலம்மா" என்றார். "மோட்டார்க்காரன் எல்லாம் பாலத்துக்கு அடியில ஒதுங்கி நின்னிருப்பான். எங்கண்ணன் எங்கயும் நிக்காம வந்திருக்காரு."