பொய் மீனுக்கு அடித்த வர்ணம்

அறுபதுகளின் கடைசியில் நான் பாளையம்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் அப்பா அருப்புக்கோட்டையில் ஒரு பட்டறையில் நூலுக்குச் சாயம் காய்ச்சுகிறவர். என் வீட்டுக்காரர் கூலிக்கு நெய்கிறவர். தறி முதலாளியுடையது, கை மட்டும்தான் இவருடையது. இரண்டு வீட்டிலும் தெலுங்குதான் பேச்சு.

தங்கமான பிள்ளை என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். குடி இல்லை, சீட்டு இல்லை. ஆனால் மழை பெய்து கண்மாய் பெருகிவிட்டால் அவர் கால் தறிக்குழியில் நிற்காது. தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எங்கள் பக்கம் கண்மாயில் தண்ணீர் நிற்பதே கொஞ்ச காலம்தான் என்பதால் நானும் ஒன்றும் சொல்வதில்லை. விரால் கொண்டு வந்தால் குழம்பு வைப்பேன்.

அப்படி நல்ல மழை பெய்த ஒரு வருசம், திருச்சுழி பக்கத்துக் கண்மாய்களைப் பார்க்க ஓவர்சியர் ஒருவர் ஜீப்பில் வந்துபோனார். கரையைப் பார்த்து முடித்ததும் சக்கரம் வைத்த தூண்டிலை எடுத்து வீசுவார். முள்ளில் புழுவும் கிடையாது, தவளையும் கிடையாது. உலோகத்தில் செய்த பொய் மீன் ஒன்று தொங்கும். அதை வீசிச் சுருட்டினால் தண்ணீருக்குள் பளிச்சென்று திரும்பித் திரும்பி ஓடும். நிஜ மீன் என்று நம்பி விரால் பாய்ந்து கவ்வும்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வந்தவர், ராத்திரிச் சோறு தின்னும்போதும் அதையே பேசினார். அடுத்த தடவை ஓவர்சியருடைய பையை இவர் சுமந்துகொண்டு பின்னாலேயே போனார். சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து வர்ணம் உரிந்த பொய் மீன் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதே மாதிரி செஞ்சு தர முடியுமான்னு கேட்டாக. முடியும்னுட்டேன்."

பந்தல்குடி ரோட்டு லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேட்டரி ஈயத்தை வாங்கி வந்தார். களிமண்ணில் அந்த மீனை அழுத்தி அச்சு எடுத்து, ஈயத்தை உருக்கி ஊற்றினார். உருவம் நன்றாகவே வந்தது. வர்ணம்தான் நிற்கவில்லை. டப்பா பெயிண்ட் அடித்துக் காயவைத்தார். கண்மாயில் ஒரு கல்லில் உரசியதும் தோல் தோலாக உரிந்துவிட்டது. கோபத்தில் வீட்டு மூலையில் விட்டெறிந்தார்.

"பெயிண்டு வேண்டாம். பொடியா வாங்கிட்டு வாங்க, நான் பாக்குறேன்" என்றேன்.

நூலுக்குப் போடும் சாயப்பொடி தண்ணீரில் கரையும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால் அதைத் தொடவில்லை. காவி, துணிக்குப் போடும் நீலம், இரும்புக் கதவுக்கு அடிக்கும் வெள்ளிப்பொடி, இவைதான் வாங்கச் சொன்னேன். நகை செய்கிற பத்தர்கள் வைத்திருக்கும் அரக்கையும் கொஞ்சம் வாங்கி, அம்மியில் மாவாக நுணுக்கிப் பொடியோடு கலந்து தட்டில் பரப்பினேன். ஈய மீனைக் கம்பியில் கோத்துக் கரி அடுப்பில் காட்டி, சூடு ஏறியதும் தட்டில் புரட்டினேன். பட்ட இடத்திலேயே பொடி உருகி, கண்ணாடி போல ஒட்டிக்கொண்டது. சூடு கூடினால் கருகும், குறைந்தால் மணல் மணலாக நிற்கும். பக்குவம் பிடிபடுவதற்குள் என் விரல் நுனியெல்லாம் கொப்புளம். முதுகுக்கு நீலம், வயிற்றுக்கு வெள்ளி, செவுளுக்குக் காவி. கண்ணுக்கு மட்டும் விளக்குக் கரியில் ஒரு பொட்டு வைத்தேன். அந்த மீனைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கே சந்தோசமாக இருந்தது. அதை மறைப்பதற்கு இல்லை.

ஓவர்சியர் அதில் பெரிய விரால் ஒன்றைப் பிடித்தார். மறுவாரம் ஜீப்பை எங்கள் தெருவிலேயே நிறுத்திவிட்டார். நான் கதவுக்கு உள்பக்கம், விரலெல்லாம் நீலமாக நின்றுகொண்டிருந்தேன்.

"வர்ணம் யாருப்பா ஏத்துறது? உரியவே மாட்டேங்குதே."

"நான்தான்யா" என்றார் என் வீட்டுக்காரர்.

ஓவர்சியர் போனபிறகு, "ஏங்க அப்பிடிச் சொன்னீக?" என்று கேட்டேன். "பொம்பளை செஞ்சதுன்னா மதிப்பாகளா?" என்றார். நானும் சரி என்றுதான் இருந்தேன். அவருக்குக் கிடைக்கிற பெயர் நம் வீட்டுக்குத்தானே என்று நினைத்தேன்.

அதன்பிறகு ஓவர்சியருக்கு மட்டும் போதவில்லை. அவருக்கு மேலே உள்ள அதிகாரிகளுக்கும் வேண்டுமாம். கண்மாய் மடையைத் திறந்து அடைக்கிற லஸ்கர் வேலை ஒன்று காலியாகப் போகிறது, அதை உனக்கே வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். சர்க்கார் வேலை. அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து இவர் தறிப் பக்கமே போகவில்லை. முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார். அப்போது நான் மூத்தவளைச் சுமந்துகொண்டிருந்தேன். அரக்குப் புகை பட்டாலே குமட்டும். கொல்லையில் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி அடுப்பு முன்னால் உட்காருவேன். "இந்த ஒரு லோடு முடிச்சுக் குடுத்துரு, வேலை வந்துரும்" என்பார்.

வேலை வந்தது. ஓவர்சியரின் சொந்தக்காரப் பையனுக்கு வந்தது.

இவர் பஸ் ஏறிப் போய் ஓவர்சியரைப் பார்த்துவிட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"என்ன சொன்னாக?"

"கடைசியாக் குடுத்ததுல சாயம் கரையுதாம். பெரிய அதிகாரி கையெல்லாம் நீலமாயிருச்சாம். 'உன்னை நம்பி என் மானம் போச்சு'ன்னு சொல்லிட்டாக." பிறகு என்னைப் பார்த்து, "ஒழுங்காப் பண்ணியிருக்கலாம்ல? ஒன் கைதான் கெடுத்துருச்சு" என்றார்.

அதுவரை வர்ணம் அவருடையது. அன்றைக்கு அது என்னுடையதாகிவிட்டது.

நான் அழவில்லை. அதே வர்ணத்தில் வீட்டில் மிச்சம் கிடந்த மீன்களை ஒரு வெண்கலச் செம்பில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். நாள் பல போயும் தண்ணீர் கிணற்றில் இறைத்தது போலவே தெளிந்து கிடந்தது.

"பாருங்க. கரைஞ்சிருக்கா?" என்றேன்.

செம்பைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. ஓவர்சியர் சொன்னது பொய் என்று தெரிந்தது. தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு, மீன்களைப் பழைய ஈயக்காரனிடம் போட்டுவிட்டு வந்தார்.

பிறகு பந்தல்குடி ரோட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனார். நெய்த உடம்புக்கு மூட்டை ஒத்துவரவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. என் அப்பா ஒரு வார்த்தை சொல்ல, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் சாயப்பட்டறைக்கு நூல் அலசப் போனேன். எழுபதுகள் முழுக்க எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில்தான்.

அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே, "சர்க்கார் வேலை கைக்கு வந்துச்சு, வீட்டுக்காரி வர்ணம் அடிச்ச கைராசி, போயிருச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒரு கல்யாண வீட்டில் என் தம்பியிடமே சொன்னார். பந்தியில் எல்லோர் காதிலும் விழுந்தது. நான் பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"வர்ணம் அடிச்சது நான்தான்னு இன்னைக்கு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டீக. அன்னைக்கு ஓவர்சியர்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அவர் இலையிலிருந்து தலை நிமிரவில்லை. என் மாமியார் என்னைச் சமையல் கட்டுக்கு இழுத்துப் போய், புருசனைச் சபையில் அவமானப்படுத்தினாய் என்று வைதார்கள். வாங்கிக்கொண்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அதன்பிறகு என் காதுபட அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. நான் இல்லாத இடத்தில் சாகும்வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார் என்று, அவர் காரியத்துக்கு வந்தவர்கள் என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள்.