மறுத்துப் பேச ஓர் ஆள்

செவ்வாய், பிற்பகல் 2.40. யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணிக்கு ஏறிய பஸ் கண்டியில் இறக்கிவிட்டபோது, இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். ஓய்வுபெற்ற ஆசிரியை தனியாக ஊர் சுற்றுவதைப் பற்றி என் தங்கச்சிக்கு ஆயிரம் கருத்து உண்டு. அவற்றைக் கேட்காமல் இருக்கத்தான் நான் ஊர் சுற்றுகிறேன். வாவிக்கு மேலே ஏற்றத்தில் ராணியின் கெஸ்ட் ஹவுஸ். அறை நாளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், காலைச் சாப்பாட்டோடு. ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பது கேட்டார். "ஏத்தம் மிஸ், வண்டிக்கே மூச்சு வாங்குது" என்றார். கொடுத்தேன்.

ராணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொஞ்சக் காலம் கொழுந்தும் பறித்து, கண்டியில் வாழ்க்கைப்பட்டவர். யார் எதைச் சொன்னாலும் "அப்படி இல்லங்க" என்றுதான் தொடங்குவார். மழை வரும்போல இருக்கிறதே என்றேன். அதற்கும் அதே பதில்தான்.

புதன், காலை 7.30. சாப்பாட்டு மேசையில் அறுபது வயதுப் பெண்மணி ஒருவர், தான் கொண்டுவந்த சின்னச் சட்டியில் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தடித்த நூல் ஒன்று திறந்து கிடந்தது. பெயர் மிரியம், யூதர், இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊர். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். அங்கே ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கும் புதன் மாலையில் பெரியவர்களுக்கும் தங்கள் சமயம் கற்பிப்பவராம். நானும் வாத்தி என்றதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பரீட்சை எப்போது வைப்பீர்கள்?" என்று கேட்டேன். முப்பத்தொரு வருடப் பழக்கம், வாயில் அதுதான் முதலில் வந்தது.

"பரீட்சையே இல்லை. எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு விடை கொண்டுபோகக் கூடாது, கேள்விதான் கொண்டுபோக வேண்டும். தாய் தகப்பன் அதோடு மல்லுக்கட்டட்டும். புதன்கிழமை அந்தத் தாய் தகப்பன்மாரே வந்து அதே பக்கத்தைப் படிப்பார்கள். சின்ன வயதில் படிக்காமல் விட்டதை வெட்கப்படாமல் படிக்கிற டாக்டர்கூட இருக்கிறார். ஏழு வயதுக்கு ஒரு பக்கம், எழுபது வயதுக்கு வேறு பக்கம் என்று எங்களிடம் கிடையாது."

"அப்படியென்றால் நோக்கம்தான் என்ன?"

"சாகும்வரை படிக்கிறவர்களை உண்டாக்குவது. அதுவும் தனியாகப் படிக்காதவர்களை."

அவர்களுடைய முறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே வரியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒருவர் விளக்கம் சொன்னால் மற்றவர் மறுக்க வேண்டும். மறுப்பதுதான் மரியாதை. அந்தக் கூட்டாளிக்கு ஹவ்ரூதா என்று பெயர். மிரியத்தின் கூட்டாளி அவருடைய கணவர் டேனியல். வகுப்பையும் இருவரும் சேர்ந்தே நடத்தினார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் இருவரும் வாதாடுவார்களாம், முடிந்ததும் ஒன்றாகத் தேநீர் குடிப்பார்களாம். பிள்ளைகள் பார்க்க வேண்டிய பாடம் அதுதான் என்றார். போன குளிர்காலத்தில் டேனியல் இறந்துபோனார். அன்றோடு வகுப்பு நின்றது. புதிய தவணைக்கு வகுப்பைத் தொடங்குவாரா, விட்டுவிடுவாரா என்று ஊரிலுள்ள நிர்வாகக் குழு கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை பொழுதுபடுமுன் பதில் அனுப்ப வேண்டும். பொழுது பட்டால் அவர்களுடைய ஓய்வுநாள், சனி பொழுது படும்வரை போனைத் தொடமாட்டார்.

"என்னோடு ஒரு பக்கம் படிப்பீர்களா?" என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள் நான்.

அவர்களுடைய சமயச் சட்ட நூலில் அன்றைய பாடம் இதுதான். தெருவில் ஒரு பொருள் கிடக்கிறது. அடையாளம் சொல்லக்கூடிய பொருள் என்றால், எடுத்தவர் அறிவித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிந்திக் கிடக்கும் பழம்போல அடையாளமில்லாதது என்றால், தொலைத்தவர் நம்பிக்கையை விட்டிருப்பார், எடுத்தவருக்கே சொந்தம். மிரியம் விளக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல விளக்கம் என்றேன். இன்னொரு விதமாகவும் விளக்கினார். அதுவும் நல்லது என்றேன். மூன்றாவது விளக்கம் முதலாவதற்கு நேரெதிர். அதற்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தவரை மறுத்துப் பேசினால் நாக்கு அழுகும் என்று வளர்த்த ஊர் எங்களுடையது!

மிரியம் நூலை மெல்ல மூடினார். "உங்களோடு படிப்பது கண்ணாடியோடு படிப்பதுபோல இருக்கிறது" என்றார். கோபமில்லை, களைப்புத்தான். "டேனியல் ஒரு நாளும் நான் சொன்னதை ஒத்துக்கொண்டதில்லை. அவர் இல்லாமல் வகுப்பு இல்லை. முடியாது என்றே எழுதப்போகிறேன்."

"ஓம், அதுதான் நல்லது" என்றேன். சொன்ன கையோடு எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. அது நல்லதென்று நான் நினைக்கவேயில்லை.

வியாழன், காலை 8.15. ராணி புசல்லாவையில் தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். "சும்மா குந்திக்கிட்டு என்னா செய்யப் போறீங்க, வாங்க போவோம்" என்று எங்களையும் கிளப்பினார். குட்செட் பஸ் நிலையத்தில் நுவரெலியா பஸ். ஆளுக்கு இருநூற்றுப் பத்து ரூபாய், நாற்பது கிலோமீற்றர். பேராதனை, கம்பளை தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு பக்கமும் தேயிலை. பெண்கள் கூடையை முதுகில் தொங்கவிட்டு நிரை நிரையாக நின்றார்கள்.

நேற்று என்ன படித்தீர்கள் என்று ராணி கேட்டார். சொன்னேன்.

"அப்படி இல்லங்க டீச்சர்" என்றார் உடனே. "அடையாளம் இல்லாட்டி எடுத்தவங்களுக்கா? கொழுந்துல என்னாங்க அடையாளம்? எல்லாம் ஒரே பச்சதான். ஆனா கீழ ஒரு பிடி கெடந்தா அது யாருதுன்னு மலையில எல்லாருக்கும் தெரியும். எந்த நெரையில கெடக்குதோ, அந்த நெரை ஆளோடது. எடம்தாங்க அடையாளம்."

நான் அதை மிரியத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடம் அடையாளமாகுமா ஆகாதா என்று அவர்களுடைய அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சண்டை பிடித்திருக்கிறார்களாம். "ஆகாது என்பது என் கட்சி. இடம் மாறிவிடுமே. மழை வந்து அடுத்த நிரைக்கு உருட்டிக்கொண்டு போனால்?"

"கொழுந்து உருளாதுங்க, கூடைதான் உருளும்" என்றார் ராணி. "கூடை உருண்டா அதுல பேரு எழுதியிருக்கும்."

"காற்று அடித்தால்?"

"ஈரக் கொழுந்துங்க. காத்துக்கு அசையாது. மேடம் ஒரு நாளாச்சும் மலையில ஏறியிருக்கீங்களா?"

நான் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தே களைத்துப்போனேன். முன்சீட்டு ஐயா ஒருவர் திரும்பி, நிரை மாறி நின்று பறிக்கிறவர்களை என்ன செய்வது என்று கேட்டார். ராணி அவரையும் விடவில்லை. மிரியம் பையில் வைத்திருந்த பிஸ்கட்டை மறந்து, நூலைப் புரட்டுவதும் கையை ஆட்டுவதுமாக இருந்தார். புசல்லாவை வந்தபோது, "சரி, இந்தச் சுற்றில் நான் தோற்றேன்" என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ராணியோ அதைப் பெரிதாக எடுக்காமல் தங்கைக்கு வாழைப்பழம் வாங்கப் போய்விட்டார்.

வெள்ளி, காலை 6.50. என் பை வாசலில் இருந்தது. மிரியம் தேநீரோடு வந்தார். "மத்தியானம் பதிலை அனுப்பிவிடுவேன். முடியாது என்றுதான். நீங்களும் அதுதான் நல்லது என்றீர்கள்."

அறுபத்திரண்டு வயதில் ஒரு சின்ன வார்த்தை சொல்ல இவ்வளவு பயமா என்று வெட்கமாக இருந்தது.

"இல்லை" என்றேன். "நீங்கள் சொல்வது பிழை. அன்றைக்கு நான் சொன்னதும் பிழை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "காரணம்?"

"நேற்றுப் பஸ்ஸில் நீங்கள் தோற்றீர்கள். சந்தோசமாகத் தோற்றீர்கள். முப்பத்தொரு வருடம் விளங்கினதா என்று கேட்டேன், நாற்பது பிள்ளைகளும் ஓம் டீச்சர் என்றார்கள். ஒருத்தரிடமும் நான் தோற்றதில்லை. நான் நல்ல டீச்சர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோற்கத் தெரிந்த டீச்சர் உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிறார். அவரை ஏன் பறிக்கிறீர்கள்?"

"பஸ்ஸில் தோற்பது வேறு. டேனியல் இல்லாத அறைக்குள் நுழைவது வேறு" என்றார். கண் கலங்கியிருந்தது. ஆட்டோ வந்து ஹோன் அடித்தது. கையைப் பிடித்துவிட்டுப் புறப்பட்டேன். இறக்கம்தானே என்று நினைத்தேன், அதற்கும் ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பதுதான் வாங்கினார்.

யாழ்ப்பாணம் போகும் பஸ் எட்டு மணிக்குப் புறப்பட்டது. மாத்தளை, தம்புள்ளை, வவுனியா. குளிர் இறங்கி வெக்கை ஏறியது. சொந்தத்தைத் தொலைத்த ஒரு மனுசியிடம் பெரிய வாயைத் திறந்துவிட்டேனே என்று வழி முழுக்க மனம் குத்தியது. பிற்பகல் மூன்று மணிக்கு முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லோரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் வறுத்த கச்சான் கடலை வாங்கவும் இறங்கினார்கள். அப்போது போனில் மிரியத்தின் செய்தி வந்தது.

"தொடங்குகிறேன் என்று எழுதிவிட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன காரணம் பிழை. தோற்பதற்காக யாரும் கற்பிப்பதில்லை. வெல்ல முயல வேண்டும், அப்போதுதான் தோல்விக்கு மதிப்பு. பொழுதுபட இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கிறது."

கச்சான் சுற்றிய கடதாசிச் சரையை மடியில் வைத்துவிட்டுப் பதில் எழுதத் தொடங்கினேன். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கிளிநொச்சி போனது, ஆனையிறவு போனது, வெளியில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என் மறுப்புக்காகக் காத்திருந்தார். முதல் வரியை மட்டும் ஒரு தடவையும் மாற்றவில்லை. "மிரியம், எனக்கு அப்படித் தெரியேல்லை."