பெர்லை நீக்கிய வாரம்

கல்வராயன் மலையில் மழையை அளக்கிற சின்னக் கணினிப் பெட்டிகளைச் செய்து வைத்தது நான் வேலை பார்க்கும் கம்பெனி. பெட்டிகள் லினக்ஸில் ஓடும். ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைக் கோப்பை, எழுதியவன் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பன், ரிஷிவந்தியத்துக்காரன். பாதியை லினக்ஸோடு கூடவே வரும் ஷெல் மொழியிலும், பாதியைத் தனியாக ஏற்ற வேண்டிய பெர்ல் மொழியிலும் எழுதியிருந்தான். போன வருடம் ஆட்குறைப்பில் அவனை அனுப்பிவிட்டார்கள்.

புதிதாக வந்த மலிவான பெட்டிகளில் பெர்லை ஏற்ற இடம் இல்லை. அதை ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிடும்படி மேனேஜர் சொன்னார். கள்ளக்குறிச்சி ஆபீசில் ஐந்து நாள் உட்கார்ந்து, அவன் பெர்லில் எழுதியதை ஒவ்வொன்றாக ஷெல்லுக்கு மாற்றினேன். ஓரிடத்தில் மட்டும் காரணம் எதுவும் குறிக்காமல் பெட்டியைக் காத்திருக்க வைத்திருந்தான். மேசையில் சோதித்தபோது அது இல்லாமலும் எல்லாம் ஓடியது. நீக்கிவிட்டேன்.

மலையில் ஒரு பெட்டியில் ஏற்றிப் பார்த்தோம். இரண்டாம் நாள் கரண்ட் போய் வந்தது. அதன் பிறகு பெய்த மழையெல்லாம் பல வருடங்களுக்கு முந்தைய ஒரு தேதியில் பதிவாகியிருந்தது.

அவன் போனதிலிருந்து நான் அவனோடு பேசியதில்லை. அவனை அனுப்புவதற்கு முன் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் வேலையை வேறு யாராவது பார்க்க முடியுமா என்று கேட்டார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். போனில் கேட்க மனம் வராமல் ரிஷிவந்தியத்துக்கு பஸ் ஏறினேன்.

கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா, இவ்ளோ தூரம்?" என்றான். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து லேப்டாப்பை வாங்கினான். யோசிக்கவே இல்லை.

"கரண்ட் போயி வந்தா அதுக்கு தேதி மறந்துடும். நெட்ல இருந்து சரியான தேதி வர்ற வரைக்கும் நிக்கணும், அதுக்குத்தான். நான் எழுதி வெச்சிருக்கணும்."

தப்பு என்னுடையதுதான் என்றேன். அவன் காதில் வாங்காமல் ஸ்கிரிப்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"பெர்ல்ல நான் எழுதனது ஒண்ணுமே இல்ல போல."

பெட்டியில் இடம் இல்லாததைச் சொன்னேன். தலையாட்டினான். பிறகு வாய்க்காலைப் பார்த்தபடியே கேட்டான்.

"என்னை அனுப்பறதுக்கு முன்ன உன்னாண்ட எதுனா கேட்டாங்களா?"

கேட்கவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்படி கூப்பிட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். நேரம் நிறையவே இருந்தது.

மறுநாள் அந்தக் காத்திருப்பை ஷெல்லில் எழுதி, காரணத்தையும் குறித்தேன். பெட்டிகள் மலைக்குப் போயின. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

பத்து நாள் கழித்து அவனே போன் செய்து, சரியாக ஓடுகிறதா என்று கேட்டான். ஓடுகிறது என்றேன். மேனேஜர் கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லி போனை வைத்தேன்.