லுணுகலை மலையில் நான் கழற்றிய வயர்

ஒற்றை ஸ்பீக்கரை யாரும் வாங்கமாட்டார்கள். பழைய இங்கிலாந்து ஸ்பீக்கர்களை வாங்கி, பழுது பார்த்து விற்கும் என் தொழிலில் இது முதல் பாடம். பாடம் தெரிந்தும் இரண்டு வருடங்களுக்கு முன் பண்டாரவளையில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் இடுப்பளவு உயரமான தேக்குப் பெட்டி ஒன்றை வாங்கினேன். உள்ளே பதினைந்து அங்குல ஸ்பீக்கர். அறுபது வயது இருக்கும், அதன் கூம்புத் தாளில் ஒரு கீறல் இல்லை. ஜோடியில் மற்றது எங்கே போனது என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அது கொழும்பில், கொட்டாஞ்சேனையில் என் கடை மூலையில் துணி போர்த்தி நிற்கிறது.

போன ஐப்பசியில் ஒரு தோட்டத்துக் கிளாக்கர் போனில் படம் அனுப்பினார். அதே தேக்கு, அதே பித்தளைச் சட்டம். பெட்டியின் பின்னால் பதித்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சிக்னலுக்கு டவுனுக்கு இறங்க வேண்டும் என்று நாலு நாள் கழித்துதான் அனுப்பினார். என்னுடையதற்கு அடுத்த எண்! ஜோடி சேர்ந்தால் வாங்கிக்கொள்ள கொழும்பில் ஒரு டாக்டர் தயாராக இருந்தார். டாக்டரை விடுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டாவது கேட்டுவிட வேண்டும் என்று எனக்கே வெறி பிடித்துவிட்டது. தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். லுணுகலைக்கு மேலே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பதுளைக்கு முதல் நாளே போய்விட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை, வாடகை 4,500 ரூபா, சுடுதண்ணீர் வரும் என்றார்கள், வரவில்லை. காலை 6.40க்கு லுணுகலை பஸ். பசறை வழியாக நாற்பது கிலோமீட்டர் இருக்கும், 8.30க்கு இறக்கிவிட்டார்கள். வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள் என்று சிலர் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். பள்ளத்தை நேராகப் பார்க்கும் தைரியம் இருந்தால் உட்காருங்கள், எனக்கு இல்லை.

லுணுகலையில் ரொட்டியும் சம்பலும் 220 ரூபா. அங்கிருந்து தோட்டம் பதினொரு கிலோமீட்டர். சிவா அண்ணன் என்ற ஆட்டோக்காரர் போக வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து 4,000 கேட்டார். பாதையைப் பார்த்த பிறகு அது குறைவு என்றுதான் தோன்றியது. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு முன்னால் ஓடை ஒன்று பாதையின் மேலேயே ஓடுகிறது. காலையில் சக்கரம்தான் நனைந்தது. 9.40க்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்பீக்கர் தோட்டத் துரையின் பங்களாவில் இல்லை. பழைய துரை போகும்போது லயத்து ஆட்களுக்கு, அதாவது வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்கு, கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது பிள்ளை மடுவத்தில் இருந்தது. அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அலுமாரியின் மேல், ஜன்னலைப் பார்த்தபடி, பக்கத்தில் ஒரு அம்ப்ளிபயர், கீழே கார் பாட்டரி, ஒரு மைக். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு, சரிவின் அடியில் கீழ் லயத்துத் தகரக் கூரைகள். கோயில் பஜனைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மடுவத்தைப் பார்த்துக்கொள்பவர் செல்வராணி அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அன்று பதினான்கு குழந்தைகள், அவர் ஒருவர். இடுப்பில் ஒரு குழந்தையோடுதான் என்னிடம் பேசினார்.

"இல்லீங்க தம்பி, குடுக்க ஏலாது. எங்களுக்கு அவசரத்துக்கு வேணும்."

என்ன அவசரம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் அவர் காரணம் சொல்வார், காரணம் சொல்லிவிட்டால் அந்த மறுப்பு இன்னும் இறுகிவிடும், அதனால் விற்பவரைக் காரணம் சொல்ல விடாதே என்பது எங்கள் பக்கத்து வியாபார புத்தி. "பரவாயில்லக்கா, தூசி தட்டி, ஒருக்கா செக் பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்" என்றேன். அவர் சந்தோஷமாகத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

இனி எழுதப்போவதை இரண்டு தடவை அழித்துவிட்டேன். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட வேலை உண்டு. இந்த மாதிரி ஸ்பீக்கரில் அடிச்சத்தத்துக்கு ஒரு வயர், கூர்மையான சத்தத்துக்கு ஒரு வயர். இரண்டாவதைக் கழற்றிவிட்டால் ஸ்பீக்கர் சாகாது, பேச்சு மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகிவிடும். பக்கத்தில் நின்றால் குத்துமதிப்பாகப் புரியும். தூரத்தில் நின்றால் வெறும் உறுமல்தான். சொந்தக்காரர் பயந்துபோவார், விலை இறங்கும். வீட்டுக்கு எடுத்து வந்து வயரை மாட்டிக்கொள்ளலாம். இதை நான் அதற்கு முன் மூன்று பேரிடம் செய்திருக்கிறேன். பின்பலகையின் எட்டுத் திருகாணிகளையும் கழற்றி, வயரை உருவி, பலகையை மூட ஆறு நிமிடம் போதும். அக்கா தேத்தண்ணியோடு வருவதற்குள் முடித்துவிட்டேன்.

அக்கா மைக்கில் பேசிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நேத்து நல்லாதானே இருந்திச்சு?"

"உள்ள இருக்குற கொயில் போகப்போவுதுக்கா. வயசாயிருச்சு இல்லையா. முழுசாச் சாகுறதுக்குள்ள குடுத்தா நான் புதுசு ஒன்னு வாங்கித் தர்றேன், கையிலயும் ஏதாவது தர்றேன்."

இதைச் சொல்லும்போது எனக்குக் குரல்கூட நடுங்கவில்லை.

"சரி தம்பி. நாளைக்குக் காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல எல்லாரும் வருவாங்க. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். 12.20க்கு ஆட்டோவில் ஏறினோம்.

நாலு கிலோமீட்டர் இறங்கியிருப்போம், மழை பிடித்துக்கொண்டது. ஊவா மலைகளில் ஐப்பசி மத்தியான மழையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: தூறல் கிடையாது, எடுத்ததும் கொட்டும். ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். சிவா அண்ணன் மலையைப் பார்த்தபடி சொன்னார்.

"மூணு நாளாப் பேயுது. இன்னைக்கு செல்வராணி அக்கா கூப்புடத்தான் போவுது."

"யாரை?"

"கீழ் லயத்து ஆளுங்களத்தான். போன வருசம் லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருச்சில்ல? மடுவத்து வாசல்ல மழை அளக்குற குழாய் வச்சிருக்காங்க. தண்ணி செவப்புக் கோட்டத் தாண்டுனா அக்கா ஸ்பீக்கர்ல சொல்லும். எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஏறிரணும். போன் அங்க எடுக்காது, கோயில் கூம்பு ஸ்பீக்கரும் எரிஞ்சிபோச்சு. அந்தப் பொட்டி ஒன்னுதான்."

மலையில் கொழுந்து பறிப்பவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். லயத்தில் இருப்பவர்கள் முடியாதவர்கள், காய்ச்சல்காரர்கள், பிள்ளை பெற்றவர்கள். அவர்களுக்கு இன்று ஒரு உறுமல் மட்டும் கேட்கும். இடி என்று நினைத்துக்கொள்வார்கள். போனை எடுத்தேன். ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. இருந்திருந்தாலும் அங்கே யாரைக் கூப்பிடுவது?

"அண்ணே, திரும்பிப் போவோம்."

"இந்த மழையிலயா? என்னத்த விட்டுட்டு வந்தீங்க?"

ஸ்க்ரூட்ரைவர் என்று முதலில் சொன்னேன். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் தேநீரை இரண்டு வாய் குடிக்கும்வரை என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு வாய்க்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"நான் ஒரு வயரைக் கழட்டிட்டு வந்துட்டேன். வேணும்னேதான். அதுல இப்ப பேச்சு வெளங்காது."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோப்பையை வைத்தார். போய் ஆட்டோவைத் திருப்பினார். வழியெல்லாம் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்காமல் ஓட்டினார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

1.35க்கு ஓடை. காலையில் சக்கரம் நனைந்த இடத்தில் இப்போது செந்நிறத் தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு போனது. ஆட்டோவை அங்கேயே விட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் கடந்தோம். அவர் கையைக் கொடுத்தார் என்பதை எழுதிவைக்க வேண்டும். பாதையில் போனால் இரண்டு கிலோமீட்டர், தேயிலைக்குள் ஏறினால் அதில் பாதி. தேயிலைக்குள் ஏறினோம். இரண்டு முறை விழுந்தேன். முழங்கால் கிழிந்தது, பையை மட்டும் நெஞ்சோடு பிடித்திருந்தேன், ஸ்க்ரூட்ரைவர் உண்மையில் அதில்தான் இருந்தது.

மேலே போகும்போதே குரல் கேட்டது. குரல் என்றா சொல்வது, "ம்மூ... ம்மூ..." என்று ஏதோ முனகல். 2.10க்கு மடுவத்து வாசலை மிதித்தேன். குழாயில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. அக்கா மைக்கைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார், கால்களைச் சுற்றிக் குழந்தைகள் அழுதன. கீழ் லயத்தில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. ஒரு வீட்டுக் கூரையிலிருந்து சமையல் புகை வேறு வந்தது.

"தம்பி! நல்ல நேரத்துல வந்தீங்க. சத்தம் வருது, பேச்சு வரல. இந்தப் புள்ளைங்கள விட்டுட்டு நான் எப்படிக் கீழ ஓடுறது?"

சிவா அண்ணன் வாசலில் நிற்கவே இல்லை, அப்படியே கீழே ஓடினார். நான் அலுமாரியில் ஏறினேன். எட்டு ஆணி. ஈரக் கையில் ஸ்க்ரூட்ரைவர் வழுக்கியது, இரண்டாவது ஆணி தலை தேய்ந்து சுற்றவே மறுத்தது. ஆறு நிமிட வேலை என்று பீற்றிக்கொண்டவன் நான்தானே. ஏழு ஆணி கழன்றதும் பலகையை மடக்கி உடைத்தேன். அறுபது வருடத் தேக்குப் பலகை படீரென்று பிளந்தது. கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமலே வயரை மாட்டினேன்.

"பேசுங்கக்கா!"

"கீழ் லயம், கீழ் லயம்! தண்ணி கோட்டத் தாண்டிருச்சு. ஒடனே பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க. அடுப்பப் பாக்காதீங்க, சாமானப் பாக்காதீங்க. ஆறாம் காம்பராவுல ராமையா தாத்தா தனியா இருக்காரு, யாராவது தூக்குங்க!"

இத்தனை வருடத்தில் எத்தனையோ ஸ்பீக்கர் கேட்டிருக்கிறேன். ஒரு பெண்ணின் குரல் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு தூரம் போனதைக் கேட்டதில்லை. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். காலில் கட்டுப்போட்ட ராமையாவை சிவா அண்ணன் முதுகில் சுமந்து வந்தார். 2.50க்குக் கீழ் லயம் காலி. 3.30 இருக்கும், லயத்துக்குப் பின்னாலிருந்த கரை அப்படியே வழுக்கி இறங்கியது. மூன்று வீட்டுச் சமையலறைகள் மண்ணுக்குள் போயின. அதில் ஒன்று ராமையாவின் ஆறாம் காம்பராவுடையது.

மிச்சத்தைச் சொல்வதற்கு முன் போகிறவர்களுக்கான விவரங்களைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு மனம் வராது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் போவதானால் மத்தியானம் பன்னிரண்டுக்குள் இறங்கிவிடுங்கள். பசறை தாண்டினால் போனை நம்பாதீர்கள். லுணுகலையிலிருந்து பதுளைக்கு நான் பிடித்த மாலை பஸ் 6.15, அதற்குப் பிறகு உண்டா என்று ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அட்டை கடிக்கும், உப்புப் பொட்டலம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாமான் தேடிப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: கொடுக்கமாட்டோம் என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பதிலைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம் மடுவத்துக்கு எதிரே முப்பது அடியில்தான். நாலு மணிக்கு மழை விட்டிருந்தது, எல்லோரும் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். மலையிலிருந்து ஓடிவந்த அம்மாமார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டார்கள். என் முழங்காலுக்கு ஒருவர் மஞ்சள் வைத்துக் கட்டினார். மழையில் ஓடிவந்து ரிப்பேர் பண்ணிக் கொடுத்தவர் என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்து அழுதார். அக்கா தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"எல்லாரும் பேசிக்கிட்டாங்க தம்பி. புதுசு ஒன்னு வந்ததும் அந்தப் பொட்டிய நீங்களே எடுத்துக்குங்க. காசெல்லாம் வேணாம்."

சிவா அண்ணனைப் பார்த்தேன். அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஜோடி சேர்ந்திருக்கும். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் அந்த நினைப்பும் வந்தது. பிறகு அக்காவை மடுவத்துக்குள் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன்.

அவர் இடுப்பில் தூங்கிய குழந்தையைப் பாயில் கிடத்தினார்.

"என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? கீழ இருந்தது நான் இல்லையே" என்றார். அலுமாரி மேலிருந்த பெட்டியைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பினார். மைக்கை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது பழுதாகல. வெலையக் கொறைக்கிறதுக்காகக் காலையில நான்தான் ஒரு வயரக் கழட்டிட்டுப் போனேன். அதுனாலதான் அக்கா கூப்புட்டது ஒங்களுக்கு வெளங்கல" என்றேன். என் குரல் அந்த ஸ்பீக்கரில் மலை முழுக்கப் போவது எனக்கே கேட்டது. பள்ளிக்கூடத்திலிருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். யாராவது கல்லை எடுத்து எறிந்தாலும் சரி என்று நின்றேன்.

பள்ளிக்கூடத்து வாசலில் வாங்குப் பலகையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ராமையாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"கேட்டுச்சு. இப்ப ஒரு வார்த்த விடாம கேட்டுச்சு."